ஊமத்தம்பூவைத் தேடிய கிழமை

என் முதல் சிறுகதைத் தொகுப்பு அச்சாகி வந்தபோது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. பிரதேச செயலகமொன்றில் வாகன அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணவர் துறைமுகத்தில், பெரிய கப்பல்களை உள்ளே இழுத்து வரும் டக் படகில் வேலை செய்கிறார். பிள்ளைகள் இல்லை. புத்தகப் பெட்டிகள் லொறியில் வந்து இறங்கிய அன்று அவற்றை முன்னறையில் அடுக்கினோம். அதோடு வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கதிரை போட இடமில்லாமல் போனது.

வெளியீட்டு விழா நன்றாகத்தான் நடந்தது. தெரிந்தவர்கள் வந்தார்கள், பேசினார்கள், தேநீர் குடித்தார்கள், ஆளுக்கொரு பிரதி வாங்கிப் போனார்கள். அதற்குப் பிறகு பெட்டிகள் அசையவில்லை. காலையில் குசினிக்குப் போக அவற்றை விலத்தித்தான் போகவேண்டும்.

கொழும்பில் இருந்த பதிப்பாளர் என்னைவிடப் பல வயது இளையவர். இப்போதெல்லாம் ஆட்கள் எழுதுகிறவரைப் பழகிப் பார்த்துவிட்டுத்தான் புத்தகம் வாங்குகிறார்கள் என்று தொலைபேசியில் விளக்கினார். இணையத்தில் ஒரு பக்கம் திறக்கவேண்டும், நாள் தவறாமல் ஏதாவது எழுதவேண்டும், இடைக்கிடை நேரலையில் வந்து வாசிக்கவேண்டும் என்றார். என் குரலைப் பதிவுசெய்து கேட்டாலே எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் பெட்டிகளைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தேன்.

முதல் வீடியோவைக் கணவர் கடற்கரையில் வைத்து எடுத்தார். புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நான் ஒரு பந்தி வாசித்துக்கொண்டிருக்கும்போது, ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று பின்னால் வந்து அட்டையின் மூலையைக் கடித்து இழுத்தது. நான் பயந்து கத்தியது வரை எல்லாம் பதிவாகிவிட்டது. அதை அப்படியே போடச் சொன்னார் பதிப்பாளர். நிறையப் பேர் பார்த்தார்கள். மானைப் பற்றி எழுதினார்கள். வாசித்த கதையைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அதிலிருந்து எனக்கு ஒரு வருத்தம் பிடித்துக்கொண்டது. அலுவலகத்தில் ஆட்கள் வரிசையில் நிற்க, மேசைக்குக் கீழே போனைத் திறந்து பார்ப்பேன். எத்தனை பேர் விரும்பினார்கள், யார் கண்டும் ஒன்றும் எழுதாமல் போனார்கள் என்று மனம் அதிலேயே நிற்கும். ஒரு பதிவுக்கு ஒருவரும் வராவிட்டால் அன்று முழுதும் யாரோ என்னை ஏசிவிட்டதைப் போல இருக்கும். நெஞ்சு படபடக்க ஒரு வசனத்தை அழித்து அழித்து எழுதுவேன். கதை எழுதும்போதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை.

பதிப்பாளரிடம் சொன்னபோது அவர் ஒரு வழி சொல்லித் தந்தார்.

“அக்கா, நீங்கள் சொல்லிமுடிச்சிட்டு நிப்பாட்டிறீங்கள். அப்பிடிச் செய்தால் ஆக்கள் வாசிச்சிட்டுப் போயிடுவினம். கடைசியில ஒரு கேள்வி கேளுங்கோ. தங்களைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேட்டால் கட்டாயம் சொல்லுவினம்.”

அவர் சொன்னது சரிதான். என் கதையொன்றில் கணவனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இருக்கும் ஒரு பெண் வருகிறாள். அதில் ஒரு பந்தியைப் போட்டு, ‘வீட்டில் ஒருவரிடமும் சொல்லாத உங்கள் எண்ணம் ஒன்று என்ன?’ என்று கேட்டேன். பின்னூட்டங்கள் வந்து குவிந்தன. சிலர் பகிடியாக எழுதினார்கள். சிலர் சுற்றிவளைத்து எழுதினார்கள். ஊமத்தம்பூ என்ற பெயரில் வந்த ஒருத்தி மட்டும் நேராகவே எழுதினாள்.

ஊமத்தம்பூ என்பது அவள் தனக்கு வைத்திருந்த பெயரல்ல, இங்கே மாற்றியிருக்கிறேன். இனிச் சொல்லப்போகும் இடத்தையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். அவள் வைத்திருந்ததும் ஒரு பூவின் பெயர்தான். முகம் இருக்கவேண்டிய இடத்தில் பூவின் படம். கணவர் வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரப்போகிறார் என்றும், ஊரே அதைப் பற்றிச் சந்தோசமாகக் கதைக்கிறது என்றும், தனக்கு மட்டும் அது சந்தோசமாக இல்லை என்றும் எழுதியிருந்தாள். அவர் அடிக்கிறவரோ குடிக்கிறவரோ இல்லை. தனியே இருந்து பழகிவிட்டது, இனி இன்னொருவருக்கு ஏற்றாற்போல் எழும்பிப் படுக்கவேண்டுமே என்று நினைக்க மூச்சு முட்டுகிறது என்று எழுதியிருந்தாள்.

நான் உடனே பதில் போட்டேன். இன்னொரு கேள்வியும் கேட்டேன். அவள் அதற்கும் பதில் எழுதினாள். அன்றிலிருந்து என் பதிவு எதுவானாலும் முதலில் வருகிறவள் அவளாக இருந்தாள். அவளுக்குப் பிறகு மற்றவர்கள் வந்து அவளோடு கதைப்பார்கள். கடல்நீர் உள்ளே ஏறும் கண்வாயில் நண்டுக்கு வலை வைப்பது, படுக்கையில் கிடக்கும் மாமியை, கணவரின் தாயை, பார்ப்பது, தையல் மெசின் என்று தன் நாளின் சின்னச் சின்ன விடயங்களை அவள் எழுதுவாள். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. என் பக்கம் உயிரோடிருக்கிறது என்று பதிப்பாளர் சொன்னார்.

அவள் புத்தகமும் வாங்கினாள். தபாலில் வேண்டாம் என்று தனியாக ஒரு செய்தி அனுப்பினாள். புல்மோட்டை பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டால், குச்சவெளியில் சந்திக்குப் பக்கத்தில் கொப்பி, பேனை, போன் கார்ட் விற்கும் கடையில் இறக்குவார் என்றாள். பார்சலில் பெயர் எழுதவேண்டாம் என்றும் சொன்னாள். அப்படியே செய்தேன். புத்தகம் கிடைத்ததும் படம் எடுத்து அனுப்பினாள். தையல் மெசினின் மேல் என் புத்தகம். அந்தப் படத்தை நான் பல தடவை எடுத்துப் பார்த்தேன்.

கார்த்திகை மழை அந்த முறை மழையாக வரவில்லை. புயலாக வந்தது. துறைமுகத்தில் நின்ற கப்பல்களை வெளியே போகச் சொன்னார்கள். கணவர் வேலைக்குப் போனவர் வீட்டுக்கு வரவில்லை, படகிலேயே நின்றுவிட்டார். கூரைத் தகரம் அடிக்கிற சத்தத்தில் நான் பெட்டிகளைக் கட்டிலின் மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போக முதல் கடைசியாகப் போனைப் பார்த்தபோது ஊமத்தம்பூவின் பின்னூட்டம் ஒன்று இருந்தது.

‘எங்கட பக்கம் தண்ணி ஏறுது அக்கா. மாமியைத் தூக்க ஆள் தேடுறன். உங்கட புத்தகத்தை அலுமாரிக்கு மேல வச்சிட்டன்.’

நான் பதில் எழுதி அனுப்ப முதல் தொடர்பு அறுந்துவிட்டது.

கரண்ட் திரும்பி வந்து, போன்கள் வேலை செய்யத் தொடங்கியதும் என் பக்கத்துக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். தாங்கள் சுகம் என்றார்கள், கூரை போனது என்றார்கள். அவள் மட்டும் வரவில்லை. நான் அனுப்பிய செய்தி அவளுக்குப் போய்ச் சேரவுமில்லை. வடக்குக் கரைப் பக்கம் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்துவிட்டது, ஆட்களைப் பள்ளிக்கூடங்களில் வைத்திருக்கிறார்கள் என்று அலுவலகத்தில் கதைத்தார்கள். என்னால் வேலை செய்ய ஏலாமல் இருந்தது. படுக்கையில் கிடந்த அந்த மாமியை யார் தூக்கியிருப்பார்கள் என்ற நினைப்பே வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. அவளிடம் இத்தனை கேள்வி கேட்டிருக்கிறேன், ஆனால் அவள் பெயர் எனக்குத் தெரியாது. எந்த முகாமுக்குப் போன் எடுத்து யாரைக் கேட்பது?

பதிப்பாளருக்குத்தான் எடுத்தேன். நிவாரண வேலை செய்கிற ஆட்களை அவருக்குத் தெரியும். அவர் அந்தக் கடைசிப் பின்னூட்டத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். அவர் அதை அந்த ஆட்களுக்குக் காட்டுவார் என்று நினைத்து அனுப்பினேன்.

மறுநாள் காலை என் போன் நிற்காமல் அடித்தது. அவர் அந்தப் படத்தைப் போட்டு, பக்கத்தில் என் புத்தக அட்டையையும் என் முகத்தையும் போட்டு, வெள்ளத்தில் காணாமற்போன வாசகியைத் தேடும் எழுத்தாளர் என்று தன் பதிப்பகத்தின் பக்கத்தில் வெளியிட்டிருந்தார். ஊமத்தம்பூ என்ற பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் ஆட்கள் பகிர்ந்திருந்தார்கள். அழுகிற முகங்களும் கும்பிடுகிற கைகளும் அதற்குக் கீழே நிறைந்திருந்தன. புத்தகம் எங்கே வாங்கலாம் என்று கேட்டவர்களும் இருந்தார்கள்.

உடனே அவருக்குப் போன் எடுத்தேன். அதை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. அத்தனை பேர் தேடினால் கெதியாகக் கண்டுபிடிக்கலாம்தானே என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அவருடைய குரலிலும் கவலை இருந்தது. ஆனால் ஆட்கள் தேடத் தொடங்கியது வெள்ளத்துக்குள் அல்ல, என் பக்கத்துக்குள். அவள் எழுதிய பழைய பின்னூட்டங்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தார்கள். கண்வாய் என்கிறாள், அப்படியென்றால் இந்த இடம். தையல் மெசின் இருக்கிறது. மாமி படுக்கையில். கணவர் வெளிநாட்டில். ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். மத்தியானத்துக்குள் யாரோ ஒருவர், கணவர் வருவது தனக்குச் சந்தோசமில்லை என்று அவள் எழுதிய அந்தப் பின்னூட்டத்தை வெட்டிப் படமாகப் போட்டுவிட்டார். அதற்குக் கீழே வந்தவற்றை இங்கே எழுத மாட்டேன். வெள்ளத்தில் போனாளோ வேறெங்கும் போனாளோ என்று கேட்டவரும் ஒருவர்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, என் பதிவுகளை அழிக்கத் தொடங்கினேன். கேள்வி கேட்டு முடித்த பதிவுகள் எல்லாவற்றையும் அழித்தேன். ஒவ்வொன்றோடும் அவளுடைய வார்த்தைகளும் போயின. மற்றவர்கள் நம்பி எழுதியவையும் போயின. ஆனால் படமெடுத்து வைத்தவர்களின் போன்களில் இருப்பதை நான் என்ன செய்வது? வேலை முடிந்து வந்த கணவர் கதவடியில் நின்று பார்த்தார்.

“நீர் இங்க இருந்து அழிச்சு ஒண்டும் ஆகாது. வாரும், போய்ப் பாத்திட்டு வருவம்,” என்றார்.

அடுத்த நாள் காலை புல்மோட்டை பஸ் ஏறினோம். நிலாவெளி தாண்டும்வரை நான் வெளியே பார்க்கவில்லை. இறக்கக்கண்டிப் பாலத்தடியில் தண்ணீர் இன்னும் மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. அதற்கப்பால் வேலிகளில் மெத்தைகளும் சேலைகளும் பள்ளிக்கூடச் சீருடைகளும் காயப் போட்டிருந்தார்கள். எனக்கு அவள் செத்துப்போயிருப்பாளோ என்ற பயம் ஒரு பக்கம். உயிரோடிருந்தால் அந்தப் படத்தைப் பார்த்திருப்பாளே என்ற பயம் மறுபக்கம். இரண்டில் எது பெரிது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்படி ஒரு சந்தேகம் வந்ததே எனக்கு வெட்கமாக இருந்தது.

கடை திறந்திருந்தது. நனைந்த கொப்பிகளைக் கடைக்காரப் பெண் வெயிலில் விரித்துக்கொண்டிருந்தார். எதைச் சொல்லிக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. பூவின் பெயரைச் சொன்னால், இங்கே நிற்கிற யாராவது கேட்டால், தேடி வந்த நானே காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும். ஒரு பேனை வாங்கினேன். பிறகு, முன்பொரு தடவை பஸ்ஸில் ஒரு புத்தகப் பார்சல் அனுப்பினேன், கிடைத்ததா என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“உங்கட படத்தைப் போனில பாத்தனான்,” என்றார் மெதுவாக. “நேற்று ரெண்டு பேர் மோட்டச்சைக்கிளில வந்து, தையல் மெசினும் படுக்கையில மாமியும் இருக்கிற வீடு எது எண்டு கேட்டவை. நான் தெரியாது எண்டு சொல்லிட்டன்.”

“அவ இருக்கிறாவோ? அதை மட்டும் சொல்லுங்கோ. நான் திரும்பிப் போயிடுறன்.”

“ஓம். இருக்கிறா.”

நான் கடைக்குள் கிடந்த ஸ்டூலில் இருந்துவிட்டேன். அவர் எனக்குத் தண்ணீர் தந்தார். மாமியைப் பக்கத்து வீட்டு ஆட்கள் படகில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். இவள் போனை நெஞ்சோடு கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்ததில் அது நனைந்து செத்துவிட்டதாம். கடைக்காரப் பெண் உள்ளே போய்த் தன் போனில் யாருடனோ கதைத்தார். பிறகு போனைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு, வெளியே கொப்பிகளைப் புரட்டப் போனார்.

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. நான் நினைத்திருந்ததைவிட இளமையான குரல்.

“அக்கா, நான் சுகமா இருக்கிறன். தயவுசெய்து என்னைத் தேடாதேங்கோ.”

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவளுக்கு அதற்கு நேரமிருக்கவில்லை. அங்கே யாரோ பக்கத்தில் நின்றார்கள் போல, அடக்கிக்கொண்டு கதைத்தாள். மாமியின் போனுக்கு அவளுடைய கணவர், வெட்டியெடுத்த அந்தப் பின்னூட்டத்தின் படத்தை அனுப்பியிருக்கிறார். அவர் வேலைசெய்யும் இடத்தில் எல்லோரும் அதைப் பற்றித்தான் கதைக்கிறார்களாம்.

“இது உங்கட பக்கத்து ஆளாம், ஆர் எண்டு தெரியுமோ எண்டு என்னட்டையே கேக்கிறார் அக்கா. தெரியாது எண்டு சொன்னனான். இன்னும் எத்தினை நாளைக்கு அப்பிடிச் சொல்ல ஏலும்?”

நான் என்ன செய்யவேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

“நான் இல்லை எண்டு ஆக்கிவிடுங்கோ. உங்களுக்குக் கதை எழுத வரும்தானே.”

பஸ்ஸில் திரும்பி வரும்போதே எழுதினேன். அந்தப் பேனையால் அல்ல, போனில், ஜன்னலோரத்தில் இருந்து, கணவரின் தோளுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. ஊமத்தம்பூவைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று தொடங்கினேன். வேறொரு மாவட்டத்தில், மனைவியை இழந்து தனியே இருக்கும், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் அவர். வாசிக்கும் கதைகளில் வரும் பெண்களைப் போல எழுதிப் பார்க்க ஆசைப்பட்டு அந்தப் பெயரில் எழுதியிருக்கிறார். கண்வாயும் மாமியும் தையல் மெசினும் அவருடைய கற்பனை. வெள்ளத்தில் போன் பழுதாகிவிட்டது. எல்லோரும் பதறியதை அறிந்து வெட்கப்பட்டு, என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பெயரை வெளியிடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவருக்கு ஒரு மூட்டு வருத்தத்தையும், வளர்க்கிற கிளி ஒன்றையும் கொடுத்தேன். கிளி தேவையில்லை என்று கணவர் சொன்னார். அதை எடுத்துவிட்டேன். நிலாவெளியில் பஸ் நிற்கும்போது வெளியிட்டேன்.

ஏமாற்றப்பட்டவர்களின் கோபம் அன்று மாலை முழுதும் என் பக்கத்தில் கொட்டியது. அழுத முகம் போட்டவர்கள் இப்போது சிரித்த முகம் போட்டார்கள். ஒரு கிழவனிடம் ஏமாந்த எழுத்தாளர் என்று என்னைப் பகிடி பண்ணினார்கள். புத்தகம் விற்க நானே செய்த நாடகம் என்றும் சொன்னார்கள். தனக்கு ஆரம்பத்திலேயே சந்தேகம் இருந்தது, ஒரு பெண் இப்படியெல்லாம் நினைக்கமாட்டாள் என்று ஒருவர் எழுதினார். அதை நிறையப் பேர் விரும்பியிருந்தார்கள். பதிப்பாளர் போன் எடுத்தார். நல்ல பெயரை இப்படிக் கெடுத்துக்கொண்டீர்களே அக்கா என்றார். அவரிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் அதையும் அவர் ஒரு பதிவாக்கிவிடுவாரோ என்று பயந்தேன்.

எனக்கு அந்தப் பகிடியெல்லாம் உறைக்கவில்லை. அவளுடைய கணவர் அதை வாசித்தாரா, நம்பினாரா என்பது மட்டும்தான் எனக்குத் தெரியவேண்டும். சோறு இறங்கவில்லை. அலுவலகத்தில் ஒருவரின் அனுமதிப்பத்திரத்தில் இன்னொருவரின் வாகன இலக்கத்தை அடித்துவிட்டுத் திருத்தினேன். கடைக்காரப் பெண்ணுக்கு நானாகப் போன் எடுக்கவும் பயமாக இருந்தது. கடைசியில் அவரே எடுத்தார். கணவர் நம்பிவிட்டாராம். பாரும், கிழவனொருவன் எல்லோரையும் பேய்க்காட்டியிருக்கிறான் என்று எழுதி மனைவிக்கு அனுப்பினாராம். அவள் ஓம் என்று பதில் போட்டாளாம்.

அன்று நான் சாப்பிட்டேன். ஆனால் அந்த ஓம் எனக்குள் கிடந்து உறுத்தியது. அவளுக்கென்று இருந்த ஒரேயொரு இடத்தில் அவள் எழுதியதெல்லாம் இப்போது இல்லாத ஒரு கிழவருடையதாகிவிட்டது. நான்தான் ஆக்கினேன். அவள் கேட்டதால் ஆக்கினேன் என்று சொல்லிக்கொண்டாலும் மனம் ஆறவில்லை.

பிறகு நான் பதிவு போடுவதைக் குறைத்துக்கொண்டேன். பெட்டிகளில் பாதியை வாசிகசாலைகளுக்குக் கொடுத்தோம்.

அடுத்த ஆண்டு, பங்குனி வெயில் நேரம், தெரியாத இலக்கத்திலிருந்து ஒரு போன் வந்தது. குரலைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். கணவர் விடுமுறையில் வந்து நின்ற நாட்களில் அவள் தானாகவே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். ஒளித்துவைத்திருப்பது, சொல்லுவதைவிடப் பயமாக இருந்ததாம்.

“கன நாள் என்னோட கதைக்கேல்ல அக்கா. பிறகு, ஊரெல்லாம் சொன்னனீ, என்னட்ட ஏன் சொல்லேல்ல எண்டு கேட்டார். அந்த அக்கா கேட்டவ, நீங்கள் கேக்கேல்ல எண்டன்.”

அதற்கு அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வாய் உன்னியது, அடக்கிக்கொண்டேன். அவளாகவே சொன்னாள். அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். விடுமுறை முடிந்து திரும்பிப் போய்விட்டார். இப்போது போனில் முந்தியைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கதைக்கிறாராம். சில நாள் நன்றாக இருக்கும், சில நாள் இருவருக்கும் கதைக்க ஒன்றும் இருக்காது என்றாள்.

நடந்ததை எழுதலாமா என்று நான் கேட்டபோது யோசிக்க நேரம் கேட்டாள். யோசித்துவிட்டுச் சம்மதித்தாள். எழுதி முடித்ததும் வேறு யாருக்கும் காட்டமுதல் அவளுக்குத்தான் அனுப்பினேன். பதில் வரும்வரை பழைய படபடப்புத் திரும்பி வந்தது. அவள் ஒரேயொரு இடத்தில்தான் திருத்தச் சொன்னாள். அவர் அடிக்கிறவரோ குடிக்கிறவரோ இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேனே, அது முதலில் இருக்கவில்லை. அவள் சொல்லித்தான் சேர்த்தேன்.